கோடு போடாத கடிதம்

நான் உள்ளே நுழைந்தபோது டாக்டரம்மா தம் கணவரின் கடிதத்தைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு மேசை முழுவதும் பழைய காகிதங்கள். ஆடிக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கிப் பாயும் வழியில் நாகர்கோவில் வீடுகளின் ஜன்னல்களைப் போட்டு அடித்துக்கொண்டிருந்த நேரம். பறந்துவிடாமல் இருக்க, ஒவ்வொரு கட்டின் மேலும் கைக்குக் கிடைத்ததைப் பாரமாக வைத்திருந்தார். ஒன்றின் மேல் நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டில், ஒன்றின் மேல் டார்ச் லைட், இன்னொன்றின் மேல் சிரட்டை அகப்பை.

கையில் இருந்தது சாதாரணக் கத்தரி அல்ல. ஆபரேஷன் தியேட்டரில் தையல் நூல் வெட்டுகிற, மூக்கு வளைந்த கத்தரி. இடது கை ஆள்காட்டி விரலால் காகிதத்தின் நடுவில் எதையோ தடவித் தடவிப் பார்த்து, அந்த இடத்தில் கத்தரியை வைத்துப் பிசகாமல் ஓட்டிக்கொண்டு போனார். கடிதம் இரண்டு துண்டாயிற்று. மேல் துண்டை ஒரு பக்கமும் கீழ்த் துண்டை மறுபக்கமும் வைத்தார்.

"அம்மா! என்ன காரியம் செய்யுதிய?" கத்தியேவிட்டேன்.

"ஏட்டி சொர்ணம், வந்தியா? இரி. ஒங்க தாளுல போட்டிருந்ததத்தான் செய்யுதேன். தனிப்பட்டது தனி, தொழில் சம்பந்தப்பட்டது தனிண்ணு பிரிச்சுத் தரணும்ணு போட்டிருக்குல்லா? பிரிக்கேன்."

கத்தரியை அவர் கையிலிருந்து வாங்கி என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். வயதில் மூத்தவரிடம் அப்படிச் செய்திருக்கக் கூடாதுதான். ஆனால் கோபம் வந்தால் எனக்கு மரியாதை இரண்டாவதாகத்தான் நினைவுக்கு வரும்.

முட்டை வாசனை அடிக்கும் காப்பகம்

இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். இந்த வாரம்தான் முதல்முறையாகக் கையில் எடுத்தவர்களுக்காகச் சொல்கிறேன். நாகர்கோவிலில் ஒரு கல்லூரி நூலகத்தில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவள் நான். வீட்டில் சும்மா இருக்கத் தெரியவில்லை. கல்லூரியில் பழைய ரசாயன ஆய்வுக்கூடத்தை ஒழித்து ஆவணக் காப்பகம் அமைக்கப்போவதாகக் கேள்விப்பட்டதும், வலியப் போய் அந்த வேலையை வாங்கிக்கொண்டேன். மழை பெய்தால் அந்த அறையில் இன்னமும் அழுகிய முட்டை வாசனை வரும். எத்தனை தலைமுறைப் பையன்கள் அங்கே வாயு தயாரித்தார்களோ!

ஊரில் யார் வீட்டில் பழைய காகிதம் இருந்தாலும் கேட்டு வாங்குவோம். குளத்துப் பாசன வழக்குக் கட்டு, சபை மலர்கள், அய்யாவழிப் பதியில் பாடிய ஏடு, மூடிப்போன கம்பெனியின் விலைப்பட்டியல் எல்லாம் வந்திருக்கின்றன. கொடுப்பவர்களுக்கு ஒரு படிவம் உண்டு. அதில் 'தனிப்பட்ட கடிதங்களையும் தொழில்முறைக் கடிதங்களையும் பிரித்துத் தரவும்' என்று ஒரு வரி. குழுவில் யாரோ ஒரு பெரியவர் சேர்த்தது. பிரிக்கிற வேலை எங்களுடையது, கொடுப்பவர்கள் தலையில் ஏன் கட்டவேண்டும் என்று நான் அப்போதே கேட்டேன். கூட்டத்தில் என் பேச்சும் டீயும் சேர்ந்தே ஆறிப்போயின.

ஆனாலும் அந்த வரியைப் படித்துவிட்டுக் கத்தரியைத் தேடிப் போக டாக்டரம்மா ஒருவரால்தான் முடியும். வேறு யாராவது என்றால் எதை எந்தக் கட்டில் போடுவது என்று எனக்குப் போன் செய்திருப்பார்கள். அறுத்துப் பிரித்தே பழகிய கை அது.

தெர்மாமீட்டர் கூட்டால் போட்ட கோடு

டாக்டர் ரூபி என்ற பெயரைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் "என்னைப் பெறவிச்சது அவியதான்" என்பார்கள். நாகர்கோவிலில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு அவருடையது. கணவர் டாக்டர் சாலமோன். அதே ஆஸ்பத்திரி கடியப்பட்டணத்தில் வைத்திருந்த கிளை மருத்துவமனையைப் பார்த்துக்கொண்டார். வார நாளெல்லாம் கடற்கரையில் தங்குவார். சனிக்கிழமை மாலை மீன் வாசனையோடு வீட்டுக்கு வருவார். கல்யாணமான புதிதைத் தவிர, பணியில் இருந்த காலம் முழுவதும் அவர்களுடைய இல்லறம் இப்படித்தான் நடந்தது.

இடையில் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டார்கள். காலையில் மருந்துப் பெட்டியோடு ஒரு கவர் பஸ் ஏறிக் கடியப்பட்டணம் போகும். சாயங்கால பஸ்ஸில் காலிப் பெட்டியோடு ஒரு கவர் திரும்பி வரும். கண்டக்டர்களுக்கு இது பழகிப்போயிருந்தது. "டாக்டரம்மாவுக்க லெட்டர் இருக்கு, ஆரும் மிதிச்சிராதிங்கப்பா" என்று கூட்டத்துக்குள் குரல் கொடுப்பார்களாம். போன் இல்லாமல் இல்லை. போனில் பேசினால் எக்ஸ்சேஞ்சில் தொடங்கி மீன்சந்தை வரைக்கும் சேதி போய்விடும் என்று இருவருக்கும் பயம்.

கடிதத்துக்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுவார்கள். மேல் பாதியில் நோயாளி விஷயம்: இன்னாருக்கு இன்ன தொந்தரவு, இன்ன மருந்து கொடுத்தேன், நீ என்ன நினைக்கிறாய். மருந்தின் பெயர் ஆங்கிலத்தில், மற்றதெல்லாம் தமிழில். அது முடிந்ததும் தெர்மாமீட்டர் கூட்டைத் தாளின் குறுக்கே வைத்து, பால்பாயின்ட் பேனாவை அழுத்தி ஒரு கோடு போடுவார் டாக்டர். கோட்டுக்குக் கீழே வீடு. டாக்டரம்மாவும் அப்படியேதான் பதில் எழுதுவார்.

"கல்யாணம் ஆன புதுசுல ராத்திரி சாப்பாட்டுக்கு இரிக்கும்போ ரெண்டு பேரும் கேஸுதான் பேசுவோம். சோறு ஆறிப் போவும். அப்பதான் அவிய சொன்னாவ, இனி கேஸ முடிச்சு ஒரு கோடு போடணும், அதுக்குப் பொறவு வீட்டுக் காரியம்ணு. வாயில போட்ட கோட்ட பின்னால தாளுலயும் போட்டாச்சு" என்றார் டாக்டரம்மா.

டாக்டர் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. மனைவி எழுதிய அத்தனை கடிதங்களையும் அவர் ஒரு சோப்பு அட்டைப்பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். டாக்டரம்மா அவருடையதை இரும்பு டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். இரண்டையும் காப்பகத்துக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று அவராகவே சொல்லி அனுப்பினார்.

ஊருக்கு வந்த காய்ச்சல்

இந்தச் சேதி வெளியே தெரிந்ததும் ஊரில் ஒரு சின்ன கலக்கம் உண்டாயிற்று. ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, நலம் விசாரித்து, மழை பற்றிப் பேசி, கடைசியில் மெதுவாகக் கேட்டார். "அந்த லெட்டருல நம்ம குடும்பத்துக் காரியம் ஏதாம் இருக்குமோ? இல்ல, சும்மா கேக்கேன்."

உங்கள் குடும்பத்துக் காரியம் ஊருக்கே தெரியும், அதைக் கடிதத்தில் வேறு படிக்கவேண்டுமா என்று நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அவரைக் கேலி செய்ய எனக்கும் தகுதி இல்லை. என் இரண்டு பிள்ளைகளும் டாக்டரம்மா கையில் பிறந்தவர்கள். முதல் பிரசவத்தில் நான் போட்ட கூச்சலைக் கேட்டு, "இந்தப் பிள்ள கத்துத கத்துல பக்கத்துக் கட்டில்காரிக்கும் வலி வந்துட்டு" என்று அவர் நர்ஸிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அந்த வார்டில் நான் சொன்னவை, அழுதவை, என் மாமியாரைப் பற்றி உளறியவை எல்லாம் ஏதோ ஒரு கோட்டுக்கு மேலே இருக்கலாம்.

அதற்காகத்தான் எங்கள் காப்பகத்தில் ஒரு விதி இருக்கிறது. நோயாளிகளைப் பற்றிய குறிப்பு உள்ள காகிதம் எதுவானாலும், அதில் வருபவர்களும் அவர்கள் பிள்ளைகளும் வாழ்ந்து முடியும் வரை பெட்டியில் பூட்டி முத்திரை வைத்துவிடுவோம். நாங்களும் உள்ளே படிப்பதில்லை. யார் எழுதியது, யாருக்கு என்று மட்டும் குறித்துக்கொள்வோம். முத்திரை வைத்தபிறகு கொடுத்தவரே வந்து கேட்டாலும் திறப்பதில்லை.

நல்ல விதிதான். ஆனால் அந்த ஆடி மாதத்து மத்தியானம் டாக்டரம்மா வீட்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது அது கொடுமையான விதியாகத் தெரிந்தது.

ஓரம் மட்டும் தெரியும் கண்

"பிரிக்கது ஒங்க தாளுக்காவ மட்டுமில்ல மக்கா" என்றார் டாக்டரம்மா. கத்தரி போன கை சும்மா இருக்க மாட்டாமல் மேசை விரிப்பின் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தது. "எனக்குக் கண்ணு போயாச்சு கேட்டியா. நடுவுல கறுப்பா ஒரு வட்டம். ஓரம் மட்டும்தான் தெரியும். ஒன் மொகத்தப் பாத்தா காதும் கம்மலும் தெரியுவு, மூக்கு இல்ல."

"ஆபரேஷன் ஒண்ணும் செய்ய முடியாதாம்மா?"

"முடியாது. டாக்டருகிட்டயே கேக்கியா? சும்மா இரி. அவிய இருக்கும்போ கண்ணு நல்லா இருந்துது, ஆனா லெட்டர எடுத்து வாசிக்கத் தோணல்ல. ஆளுதான் எதுக்க இரிக்காவளே! இப்ப ஆளும் இல்ல, கண்ணும் இல்ல. ஒங்க பெட்டிக்குள்ள போகதுக்கு முன்ன ஒருக்கா எல்லாத்தையும் வாசிச்சுக் கேக்கணும். ஆரு வாசிச்சுத் தருவா?"

மகன் வெளிநாட்டில் இருக்கிறார். படம் எடுத்து அனுப்புங்கள், வீடியோவில் வாசிக்கிறேன் என்றாராம். டாக்டரம்மா ஒத்துக்கொள்ளவில்லை. நோயாளிகளின் சங்கதியை இன்னொருவருக்குக் காட்ட அவருக்கு உரிமை இல்லை. கோட்டுக்குக் கீழே இருப்பதோ, பெற்ற பிள்ளையிடம் வாசிக்கச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கு நன்றாக வாசிக்கத் தெரியும். ஆனால் அவளுடைய மாமியார் டாக்டரிடம் வைத்தியம் பார்த்தவர்.

"மேல உள்ளது நோயாளிகளுக்கு உள்ளது. கீழ உள்ளது எனக்கு உள்ளது. வெட்டிப்போட்டா, எனக்கு உள்ளத ஆருகிட்டயாவது குடுத்து வாசிக்கச் சொல்லலாம்லா? அதுக்காக்கும்."

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. நாலைந்து வெட்டியிருந்தார். கோடு கண்ணுக்குத் தெரியவில்லை என்றாலும், டாக்டர் அழுத்திப் போட்ட அழுத்தலில் தாளின் பின்பக்கம் அது புடைத்து நின்றது. விரலால் தடவி அந்தப் புடைப்பைப் பிடித்தே வெட்டியிருக்கிறார். வெட்டு ஒன்றுகூடக் கோணவில்லை.

எனக்குக் கோபமெல்லாம் வடிந்துபோயிற்று. ரொம்பப் பாவமாக இருந்தது. "வெட்டாண்டாம்மா. நான் வாசிக்கேன். மேல உள்ளதப் பாக்க மாட்டேன்" என்றேன்.

"பாக்க மாட்டேன்ணு சொன்னாப் போதுமா? கண்ணு தானா மேல போவும். ஒன் கேஸும் அதுல கெடக்கும், பாத்துக்க" என்று சிரித்தார். பிறகு கொஞ்சம் யோசித்தார். "ஏட்டி, ஹோல் டவல் போட்டா என்ன?"

ஆபரேஷன் செய்யும்போது நோயாளியின் உடம்பு முழுவதையும் பச்சைத் துணியால் மூடிவிட்டு, அறுக்கவேண்டிய இடத்துக்கு மட்டும் துளை விட்டிருப்பார்களே, அந்தத் துணிக்குத் தியேட்டரில் ஹோல் டவல் என்று பெயர். கை வைக்கவேண்டிய இடம் மட்டும்தான் தெரியவேண்டும், மற்றதைக் கண் பார்க்கக் கூடாது. அதே போலக் கடிதத்துக்கும் ஒன்று செய்துவிடலாம் என்கிறார்.

ஒரு ஃபைல் அட்டையை எடுத்து, அவர் சொன்ன அளவுக்குக் கீழ்ப்பாதியில் ஜன்னல் வெட்டினேன். கத்தரியைக் கைப்பையிலிருந்து திருப்பி எடுக்கவேண்டி வந்தது. அவர் கோட்டைத் தடவிப் பார்த்து, அட்டையைச் சரியாகப் பொருத்தி என் பக்கம் தள்ளுவார். ஜன்னலுக்குள் தெரிவதை மட்டும் நான் வாசிப்பேன்.

நெத்திலியும் கறுப்புக் குடையும்

அந்த மாதம் முழுவதும் மத்தியானங்களில் அங்கேதான் இருந்தேன். வீட்டில் என் கணவர் தயிர்சாதமும் முணுமுணுப்புமாகக் காலம் கழித்தார்.

'நெத்திலி அனுப்பியிருக்கிறேன். மண் நிறைய இருக்கிறது. நன்றாக அலசச் சொல். உன் கறுப்புக் குடையைத் தேடாதே, நான்தான் மறதியாக எடுத்து வந்துவிட்டேன். கோபப்படாதே.'

"கோவப்படாண்டாமாம்! அந்த மழையில நனைஞ்சுக்கிட்டாக்கும் ரவுண்ட்ஸ் போனேன்" என்றார் டாக்டரம்மா. இத்தனை வருடம் கழித்தும் குரலில் அசல் கோபம்.

'பையனுக்கு இருமல் என்றாய். ஜன்னலைச் சாத்து. நீ சாத்த மாட்டாய், உனக்குக் காற்று வேண்டும். அவனை உள்ளறையில் படுக்க வை. இங்கே அலைச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை. அங்கே வந்தால் அலைச் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை. சனிக்கிழமை வருகிறேன், தலைக்கு எண்ணெய் வைத்து விடு.'

இதைக் கேட்டதும், மறுபடி வாசி என்று மட்டும் சொன்னார். வாசித்தேன். சில கடிதங்களை நான் இங்கே எழுதுவதற்கில்லை. வாசிக்கும்போது எனக்கே முகம் சூடாகிவிட்டது. வாசித்து முடித்து நிமிர்ந்தால், டாக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பி வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருப்பார்.

ஒரு விஷயம் கவனித்தேன். நோயாளி யார் என்பது எனக்குத் தெரியாது, அட்டை மூடியிருக்கும். ஆனால் கீழே உள்ளதைக் கேட்டதுமே அவருக்கு மேலே இருந்தவர் நினைவுக்கு வந்துவிடும். "ஓ, அந்த ஆளு... பொழச்சுக்கிட்டாவ" என்பார். அல்லது உதட்டைப் பிதுக்குவார். பெயரை ஒரு நாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்கவேண்டும் போலத் துடித்ததை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

அவர் வெட்டிய துண்டுகளை நான் காப்பகத்துக்குக் கொண்டுபோய், மெல்லிய தாளும் மாவுப் பசையும் வைத்துப் பின்பக்கமாக ஒட்டிக் கொண்டுவந்தேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "தையல் கொள்ளாம். வடு தெரியாது" என்றார். என் உத்தியோகத்தில் அப்படி ஒரு பாராட்டை அதற்கு முன் நான் வாங்கியதில்லை.

பிரஷர் பெட்டிக்குள் இருந்தது

டிரங்குப் பெட்டி காலியான அன்று, முடிந்தது என்று நினைத்து அட்டையை மடக்கப் போனேன். டாக்டரம்மா எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், பழைய பிரஷர் பார்க்கும் கருவியின் பெட்டியை எடுத்துவந்தார். கருவி என்றோ கெட்டுப்போயிருந்தது. மூடியின் உட்புறத்தில் நாலாக மடித்த ஒரு தாள்.

"இதையும் வாசிக்கணும். இதுக்குத்தான் மக்கா இத்தன நாளும் ஒன்ன வரச் சொன்னது" என்றார்.

தாளை விரித்து, வழக்கம் போல அட்டையை எடுத்தேன். அவர் பின்பக்கத்தைத் தடவிப் பார்க்கவே இல்லை. "கோடு தட்டாது. நான் எத்தனையோ வாட்டி தடவிப் பாத்தாச்சு" என்றார்.

நானும் தடவினேன். மேலிருந்து கீழ் வரை வழுவழுவென்று இருந்தது.

"கோடு இல்லண்ணா மொத்தமும் கேஸு தானம்மா? நான் எப்பிடி வாசிக்க? பேஷன்ட் ஆரு?"

"நான்" என்றார்.

மகனுக்குப் பிறகு அவர் இன்னொரு முறை கர்ப்பமாக இருந்திருக்கிறார். ஏழாம் மாதத்தில், தான் பணிபுரிந்த அதே வார்டில், குழந்தை இறந்தே பிறந்தது. பெண் குழந்தை. அந்த நேரத்தில் கடற்கரை ஊர்களில் வாந்திபேதி. கடியப்பட்டணத்தில் பெஞ்சிலும் தரையிலும் ஆட்கள் கிடந்தார்கள். டாக்டரால் வர முடியவில்லை. அவருக்குப் பதிலாகச் சாயங்கால பஸ்ஸில் இந்தக் கடிதம் வந்தது.

"கட்டில்ல கெடந்து பிரிச்சேன். மொத வரி, ரத்தப்போக்கு எப்படி இருக்குண்ணு. ரெண்டாவது வரி, பல்ஸ் எவ்வளவு. பொறவு காய்ச்சல். எனக்கு ஆங்காரம் வந்துட்டு மக்கா. பிள்ளையப் பறிகுடுத்துட்டுக் கெடக்கேன், என்னையும் ஒரு கேஸாக்கிட்டாவளேண்ணு. அதோட மடக்கி வச்சுட்டேன். பதிலும் எழுதல்ல. நாலு நாளு கழிச்சு வந்தாவ. நான் கேக்கல்ல, அவியளும் கேக்கல்ல. அடுத்த வாரம் வந்த லெட்டருல கோடு பழையபடி இருந்துது."

"அதுக்குப் பொறவு நீங்க எடுத்து வாசிக்கவே இல்லையா?"

"மொதல்ல வீம்பு. பொறவு பயம். கோடு இல்லண்ணா கீழ ஒண்ணும் இல்லண்ணு தானே அர்த்தம்? வீட்டுக்குண்ணு ஒரு வரிகூட அவியளுக்கு அன்னைக்கு எழுதத் தோணல்ல போலிருக்கு. அத நான் வாசிச்சுத் தெரிஞ்சுக்கிட்டா, பொறவு அவியகூட எப்பிடி இரிக்க? அதான் வாசிக்கல்ல. கிழிச்சுப் போடவும் மனசு வரல்ல. இப்ப ஆளு போயாச்சு. இனி எதுண்ணாலும் கேட்டுக்கிடலாம். வாசி."

அட்டையைத் தூரத் தள்ளி வைத்துவிட்டு வாசித்தேன்.

'ரூபிக்கு, ரத்தப்போக்கு எப்படி இருக்கிறது? நாடித்துடிப்பு எவ்வளவு என்று எழுதச் சொல். காய்ச்சல் இருந்தால் மறைக்காதே. சிறுநீர் சரியாகப் போகிறதா?'

"இவ்வளவுதான் நான் வாசிச்சது" என்றார்.

'இரண்டு மூன்று நாளில் பால் சுரக்கும். அது உனக்குத் தெரியும், நீ எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாய். மார்பை இறுக்கிக் கட்டச் சொல். அப்போதுதான் ரொம்ப வலிக்கும் என்று நினைக்கிறேன். நான் பக்கத்தில் இல்லை. குழந்தையை யார் கையில் வாங்கினார்கள்? எந்தத் துணியில் சுற்றினார்கள்? தலைமுடி இருந்ததா? இதுவரை எந்தத் தகப்பனுக்கும் நான் இதையெல்லாம் சொன்னதில்லை. அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இன்று காலையில் ஒருவருக்கு குளுக்கோஸ் ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. நரம்பு நன்றாகத்தான் இருந்தது, என் கைதான் நடுங்கியது. நர்ஸைப் போடச் சொல்லிவிட்டுக் கடற்கரைப் பக்கம் போய் நின்றேன். கேஸை எழுதி முடித்து, இனி நம் வீட்டு விஷயம் எழுதவேண்டும். தெர்மாமீட்டர் கூட்டைத் தாள் மேல் வைத்துக்கொண்டு ரொம்ப நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். கோட்டை எங்கே போடுவது என்று தெரியவில்லை.'

அதோடு முடிந்திருந்தது. கையெழுத்துகூட இல்லை. பஸ் புறப்பட்டிருக்கும் போல.

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அழுதேன். மறைக்கவேண்டிய தேவையும் இல்லை, அவருக்கு என் காதும் கம்மலும்தான் தெரியும். டாக்டரம்மா அழவில்லை. இரண்டு கையையும் மேசை மேல் விரித்து வைத்துக்கொண்டார். "முடியப் பத்தி ஏதோ கேட்டாவல்லா, அத ஒருக்காகூட வாசி" என்றார்.

"தலைமுடி இருந்ததா?"

"இருந்துது" என்றார். என்னிடம் சொல்லவில்லை. "கறுகறுண்ணு நெறைய இருந்துது. அவியளுக்க அம்மைக்க முடி மாதிரி. நான் சொல்லல்ல. அவிய கேட்டிருக்காவ, நான்தான் சொல்லல்ல."

அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. நான் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டேன். என் இரண்டு பிரசவத்திலும் என் நெற்றியில் வைத்த கை அது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

பூட்டு வேண்டாதது

பெட்டிகளை எடுத்துப்போக வண்டி வந்த அன்று படிவத்தை நானே நிரப்பினேன். கோடு போட்ட கடிதங்கள் எல்லாம் முத்திரைப் பெட்டிக்கு. ஜன்னல் வெட்டிய அட்டையையும் அவற்றோடு சேர்த்து வைக்கச் சொன்னார் டாக்டரம்மா. பின்னால் என்றாவது திறப்பவர்களுக்கும் அது வேண்டியிருக்கும் என்பது அவர் எண்ணம்.

கோடு போடாத கடிதத்தை வைத்துக்கொண்டு நான் விழித்தேன். அதிலும் ஒரு நோயாளி இருக்கிறார். விதிப்படி அதையும் பூட்டத்தான் வேண்டும்.

"இது எதுலம்மா? தனிப்பட்டதா, தொழிலா?"

"ரெண்டும்ணு எழுது. பூட்டாண்டாம். இந்தப் பேஷன்ட் சம்மதம் குடுத்தாச்சு. ஆரு கேட்டாலும் எடுத்துக் குடு. பத்திரிகையில எழுதுதியே, வேணும்ணா அதுலயும் எழுது."

பிறகு ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கேட்டார். தாளை முகத்துக்குப் பக்கவாட்டில் வைத்து, கண்ணின் ஓரத்தால் பார்த்துப் பார்த்துப் பெரிய பெரிய எழுத்தாக எழுதினார். எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் படி ஏறுவது போல மேலே போயின. நான் உதவப் போனபோது தட்டிவிட்டார்.

அந்த இரண்டு தாளும் இப்போது எங்கள் வாசிப்பு மேசைக்குப் பின்னால் உள்ள அலமாரியில் ஒரே உறையில் இருக்கின்றன. யார் கேட்டாலும் எடுத்துத் தருகிறோம். முதல் தாள் டாக்டர் எழுதியது. இரண்டாவது தாளில் டாக்டரம்மாவின் பதில். 'இருந்தது. நிறைய இருந்தது. நான்தான் கையில் வாங்கினேன்.'